ஓர் அங்குலச் சிப்பாய்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பாலத்தைப் பத்திப் பேசாதேப்பா. போன தடவை மூணு பேரு பாலத்தைப் பத்தியே பேசிட்டாங்க. வேலை நேரம் போக நீ என்ன பண்றே, அதைச் சொல்லு." சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பொம்மைக்கா பெயிண்ட் அடிக்கிறே?" என்று கேட்டார்.

ஆமாம், பொம்மைக்குத்தான். ஆறடிக்கு நாலடி மேஜை. அதன்மேல் பச்சைத் துணி, அட்டையில் செய்த குன்றுகள், இரண்டு மூன்று வீடுகள், கொஞ்சம் மரம். இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஓர் அங்குல உயரத்தில் சிப்பாய்கள். ஒரு டேப்பு, சில பகடைகள், ஒரு விதிப் புத்தகம். காலாட்படை ஒரு முறைக்கு எத்தனை அங்குலம் நகரலாம், குதிரைப்படை எத்தனை அங்குலம், துப்பாக்கி எவ்வளவு தூரம் எட்டும், எட்டினால் பகடையில் எத்தனை விழவேண்டும், எல்லாம் அதில் இருக்கும். சதுரங்கத்தில் காய் எப்படி இருந்தாலும் ஆட்டம் ஆட்டம்தான். இங்கே அப்படியில்லை. காய் எந்தப் பட்டாளம், எந்த வருஷம், எந்தப் போர் என்பது முக்கியம். வாங்கும்போது அது வெறும் சாம்பல் நிற உலோகம், இல்லாவிட்டால் பிளாஸ்டிக். சட்டை, தொப்பி, முகம் எல்லாம் நாம்தான் போடவேண்டும். விளையாடுவதற்கு ஒரு பங்கு நேரம் என்றால் வர்ணம் தீட்டப் பத்துப் பங்கு. எனக்குப் பிடித்தது அந்தப் பத்துப் பங்குதான்.

இதற்கு இரண்டு பூர்வீகம் உண்டு. ஒன்று ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் வார்த்த தட்டையான வெள்ளீயச் சிப்பாய்கள், குழந்தைகளுக்கானவை. இன்னொன்று பிரஷ்ய ராணுவத்தின் 'கிரீக்ஸ்ஷ்பீல்'. ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் பிரஷ்ய மன்னருக்காக ஒரு போர் விளையாட்டு மேஜை செய்து கொடுத்தார். அவருடைய மகன் அதை 1824இல் வரைபடமும் பகடையும் நடுவரும் வைத்து ராணுவ அதிகாரிகளின் பயிற்சியாக மாற்றினார். குழந்தையின் பொம்மையையும் தளபதியின் வரைபடத்தையும் ஒரே தரையில் கொண்டுவந்து சேர்த்தவர்களில் பெரிய பெயர் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு விதிப் புத்தகமே போட்டார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் பொம்மைச் சிப்பாயைச் சுட்டுச் சாய்ப்பது அவர் ஆட்டம். இந்தச் சின்னச் சண்டையை மூன்று நான்கு தடவை ஆடிப் பார்த்தால் பெரிய சண்டை எவ்வளவு குளறுபடியான காரியம் என்று புரியும் என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே முதல் உலகப்போர் வந்துவிட்டது.

வேலை காரணமாக நான் சில வருஷம் இங்கிலாந்தில் நாட்டிங்காமில் இருந்தேன். அந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் இந்த ஆட்டக்காரர்கள் 'ஈய வட்டாரம்' என்பார்கள். நம்ம ஊரில் சிவகாசி எப்படிப் பட்டாசுக்கோ, அப்படி அங்கே இந்தச் சின்னச் சிப்பாய்களுக்கு. 1970களின் கடைசியில் நியூவர்க் என்ற பக்கத்து ஊரில் ஆரம்பித்த சிட்டடெல் கம்பெனியில் இருந்து கிளை பிரிந்து கிளை பிரிந்து வளர்ந்த தொழில் அது. அங்கே சிற்பிகளில் ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி என்று இரட்டைச் சகோதரர்கள் உண்டு. 1996இல் பிரான்சில் கிரெசி என்ற இடத்தில் பழைய போரை நடித்துக் காட்டும் விழாவில் பீரங்கி விபத்தில் மைக்கேல் தன் வலது கையை இழந்தார். அவர் வலக்கைக்காரர். ஓர் அங்குல உருவத்தில் பொத்தான் செதுக்குகிற தொழில். இடது கையால் முதலிலிருந்து கற்றுக்கொண்டு மறுபடி செதுக்க வந்தார். இன்று கடையில் பெர்ரி பெட்டியை எடுக்கிறவர்கள் எந்த உருவம் எந்தக் கையால் செய்தது என்று சொல்ல முடியாது.

குளிர்காலத்தில் அந்த ஊரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

இனி வேலை முறை. வார்ப்பில் இரண்டு அச்சும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு நிற்கும். ஃபவுண்டரி லேபில் பார்த்திருக்கிறீர்களே, அதே பார்ட்டிங் லைன். அரத்தால் அதைத் தேய்த்து எடுக்கவேண்டும். பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டுக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் அச்சில் தடவிய எண்ணெய்ப் பசையில் வர்ணம் ஒட்டாது. அப்புறம் பிரைமர். அப்புறம்தான் அக்ரிலிக் வர்ணம், நல்ல மயிர்த் தூரிகை.

இங்கேதான் இன்ஜினியருக்கு சுவாரஸ்யம். சிப்பாய் உண்மையில் சிவப்புச் சட்டை போட்டிருந்தான், அதனால் பொம்மைக்கும் அதே சிவப்பை அடித்தால் போதும் என்று தோன்றும். அடித்துப் பாருங்க, பிளாஸ்டிக் பொத்தான் மாதிரி செத்துப்போய் நிற்கும். காரணம், உருவம் சின்னதாகிவிட்டது, வெளிச்சம் சின்னதாகவில்லை. மைதானத்தில் வெயிலில் நிற்கிற மனிதனின் சட்டை மடிப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம், நிழல் கூர்மையாக விழும். பொம்மையில் அந்த மடிப்பு அரை மில்லிமீட்டர். அறையில் எரிவதோ நாலடி டியூப்லைட். அதன் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் அந்த அரை மில்லிமீட்டருக்குள் நுழைந்துவிடும், நிழலே இருக்காது. ஆகவே நிழலையும் நாமே தீட்டவேண்டும். பள்ளத்தில் பழுப்பு கலந்த அடர்சிவப்பு, அதன்மேல் செங்கல் சிவப்பு, மேட்டில் இன்னும் வெளிறிய சிவப்பு. வெளிறச் செய்ய வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும், ஆரஞ்சுதான் கலக்கவேண்டும். வெள்ளைக் கச்சைக்கு வெள்ளையில் ஆரம்பிக்கக்கூடாது. சாம்பலில் ஆரம்பித்து விளிம்பில் மட்டும் வெள்ளை. கச்சை சட்டையைத் தொடுகிற இடத்தில் தலைமயிர் கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு விழுந்த நிமிஷத்தில் பொம்மைக்கு உடம்பு வந்துவிடும்.

கண் தீட்டுவதா வேண்டாமா என்று இந்த வட்டாரத்தில் ஒரு முடிவில்லாத சண்டை உண்டு. என் கட்சி வேண்டாம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மில்லிமீட்டர் பொம்மை சுமாராக அறுபதில் ஒரு பங்கு. மேஜையில் அதை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம், அதாவது அறுபது மீட்டர் தள்ளி ஒரு மனிதனைப் பார்ப்பது போல. அந்தத் தூரத்தில் எவனுடைய வெண்விழி தெரியும்? புருவத்துக்குக் கீழே ஒரு நிழல் போதும். இப்படிச் சொன்னதற்காக இரண்டு நண்பர்கள் இன்னமும் என்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்கேல் பற்றி இன்னொன்று. ஐந்நூறு அறுநூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கு மேஜையில் இருபத்துநாலு, முப்பது பொம்மைதான் வைப்போம். பொம்மை அறுபதில் ஒரு பங்கு என்றால் தரை அதே கணக்கில் இருக்காது, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒரு கிராமம் என்றால் இரண்டு வீடு. இது ஏமாற்று வேலை என்பவர்கள் ரோடு வேலைக்கு வரையும் லாங்கிடியூடினல் செக்ஷனை நினைத்துப் பார்க்கவேண்டும். கிடை ஸ்கேல் ஒன்று, செங்குத்து ஸ்கேல் அதைவிடப் பத்து மடங்கு. மேடு பள்ளம் தெரியவேண்டும் என்பதற்காக நாமே அறிந்து செய்கிற பொய். எது பொய், எவ்வளவு பொய் என்பதை டிராயிங்கின் ஓரத்தில் எழுதிவிடுகிறோம்.

சரி, நிறம் எங்கிருந்து தெரியும்? உடை விதிகள் அச்சில் கிடைக்கின்றன. வாட்டர்லூ காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படையில் சாதாரணச் சிப்பாயின் சட்டை மஞ்சிட்டி வேர்ச் சாயம், கொஞ்சம் மங்கின செங்கல் சிவப்பு. அதிகாரியின் சட்டை கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளிச்சென்ற சிவப்பு. இருவருக்கும் ஒரே டப்பாவிலிருந்து அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துருதுருக்கும். ஆனால் விதி என்பது 'போடவேண்டியது'. நம் பாஷையில் டிசைன் டிராயிங். போட்டது என்ன என்பதற்கு ஆஸ்-பில்ட் டிராயிங் வேண்டும். 1815 ஜூன் 17 ராத்திரி முழுக்கக் கொட்டின மழையில் நனைந்து, சேற்றில் படுத்து எழுந்து, மறுநாள் 18ஆம் தேதி சண்டைக்கு நின்றவனுடைய கால்சட்டை என்ன நிறம்? விதிப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

இந்தக் கேள்வியை எவரும் கேட்காத அளவுக்குக் கேட்ட ஒருவர் இருந்தார். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அவரிடம் வரத்தான்.

வில்லியம் சைபோர்ன். பிரிட்டிஷ் ராணுவத்தில் லெப்டினன்ட், தொழிலால் சர்வேயர். 1822இல் சர்வேயர்களுக்காக நில வரைபடம் வரைவது பற்றி ஒரு நூல் எழுதியவர், ஐந்து வருஷம் கழித்து நிலப்பரப்பை மாதிரியாகச் செய்வது பற்றி இன்னொன்று. வாட்டர்லூவில் அவர் சண்டை போடவில்லை. 1830இல் ராணுவத் தலைமை அவரிடம் அந்தப் போர்க்களத்தை மாதிரியாகச் செய்யச் சொன்னது. நேரே அங்கே போனார். போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி சர்வே எடுத்தார். அதற்கு முன்பே, 1826இல் முடிந்த சிங்க நினைவுக் குன்றுக்காக மேட்டு மண்ணை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். களமே மாறிப்போன இடத்தில் பழைய தரை மட்டத்தைக் கண்டுபிடிக்கிற சர்வே அது. செய்தவர்களுக்குத் தெரியும் கஷ்டம்.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய காரியம். போரில் இருந்து உயிரோடு மிஞ்சியிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அன்று மாலை ஏழு மணி சுமாருக்கு உங்கள் பிரிவு எங்கே நின்றது? எந்த வடிவத்தில் நின்றது? எதிரே எதிரி எப்படி இருந்தான்? உங்கள் காலடியில் என்ன பயிர் இருந்தது? பயிரைக்கூடக் கேட்டார், பாருங்க. நூற்றுக்கணக்கில் பதில் வந்தது. அவருடைய மகன் அவற்றில் ஒரு பகுதியை 1891இல் புத்தகமாகப் போட்டார். வாட்டர்லூ பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கடிதங்களில்தான் கை வைக்கிறார்கள்.

1833இல் புதிய அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது. அவர் நிறுத்தவில்லை. கடன் வாங்கினார். மைலுக்கு ஒன்பது அடி என்ற கணக்கில், ஏறக்குறைய எட்டு மீட்டருக்கு ஆறு மீட்டர் களம். அதில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு உலோகச் சிப்பாய்கள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு, ஒவ்வொன்றுக்கும் வர்ணம். இருபத்துநாலு பொம்மையை முடிக்க ஒரு மாதம் எடுக்கிறவன் நான். அந்த எண்ணிக்கையைப் படித்தபோது கொஞ்ச நேரம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

1838இல் லண்டன் எகிப்திய மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். லட்சம் பேர் வரை வந்து பார்த்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். சாட்சிகள் சொன்னபடியே மாலை ஏழு மணியை அவர் நிறுத்தியிருந்தார். அந்த நேரத்துக்குள் பிரஷ்யப் படை கிழக்குப் பக்கத்தில் பெரும் அளவில் வந்து பிளான்சென்வா கிராமத்தில் மோதிக்கொண்டிருந்தது. மாதிரியைப் பார்க்கிற எவருக்கும் தெரிந்துவிடும், வெலிங்டன் தனியாக ஜெயிக்கவில்லை என்று. இத்தனைக்கும் மறுநாள் எழுதிய அறிக்கையில் பிரஷ்யர்கள் செய்த உதவியை வெலிங்டனே சொல்லியிருந்தார். ஆனால் காகிதத்தில் ஒரு வரி படிப்பது வேறு, ஆயிரக்கணக்கான நீலச் சட்டைகளைக் கண்ணால் பார்ப்பது வேறு. வெலிங்டன் தரப்புக்கு இது பிடிக்கவில்லை. கடைசியில் சைபோர்ன் அந்தப் பிரஷ்யச் சிப்பாய்களில் பெரும் பகுதியைத் தன் கையாலேயே மாதிரியிலிருந்து எடுத்துவிட்டார்.

ஏன் எடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மேலிடத்து நெருக்கடி என்கிறார்கள் சிலர். வேறு சாட்சியங்களைப் பார்த்து அவரே மனம் மாறினார் என்கிறார்கள் சிலர். என் அபிப்பிராயம் கேட்டால், கடனில் மூழ்கி, மேலதிகாரிகளின் தயவு தேவைப்படும் நிலையில் இருக்கிற ஒருவர் 'மனம் மாறினார்' என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அளவுப் புத்தகத்தில் இருக்கும் ஒரு எண்ணை மாற்றச் சொல்லி மேலிருந்து போன் வந்தால் அந்த அறை எப்படி இருக்கும் என்று இங்கே சிலருக்குத் தெரியும். 1849இல் அவர் காலமானார், போட்ட பணம் திரும்பாமலே. அந்த மாதிரி இப்போது லண்டன் செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் பாருங்கள். பிரஷ்யர்கள் இருக்கவேண்டிய இடத்தையும் பாருங்கள்.

இனி என் மேஜையில் இருப்பது. நான் எடுத்துக்கொண்டது வாட்டர்லூவில் ஹால்கெட்டின் படைப்பிரிவு. அதில் 33ஆம் ரெஜிமென்ட்டும் 69ஆம் ரெஜிமென்ட்டும் ஒன்றாகச் சேர்ந்து சதுர வியூகத்தில் நின்றன. 33க்குக் கழுத்துப்பட்டையும் கைப்பட்டையும் சிவப்பு, 69க்குப் பச்சை. ஏன் இந்த இரண்டு? 33 வெலிங்டனின் சொந்த ரெஜிமென்ட். அவர் ஆர்தர் வெல்லெஸ்லியாக இருந்தபோது அதோடுதான் 1798இல் சென்னைக்கு வந்தார். மறு வருஷம் அது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரே நின்றது. 69ஐப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, பெயர்தான் தெரிந்திருக்காது. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் அந்த ரெஜிமென்ட்டின் நான்கு கம்பெனிகள்தான். முதல் பட்டாலியன் வேலூரில். ஒன்பது வருஷம் கழித்து வாட்டர்லூவில் நின்றது இரண்டாவது பட்டாலியன். ஆள் வேறு, பச்சைக் கைப்பட்டை ஒன்றே.

வேலூரில் எதற்காக வெடித்தது? 1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை புது உடை விதி போட்டது. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது. புதுத் தலைப்பாகை, தோல் சின்னத்தோடு, பார்க்கத் தொப்பி மாதிரி. மறுத்தவர்களுக்குக் கசையடி. திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்ததும் வேறு காரணங்களும் உண்டு, ஆனால் தீப்பொறி விழுந்த இடம் அந்தத் தலைப்பாகை. புரட்சி அடங்கிய பிறகு விதியை வாபஸ் வாங்கினார்கள். கவர்னர் பெண்டிங்கையும் படைத் தலைவர் கிரடாக்கையும் 1807இல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். "ஒரு பொத்தான் என்ன நிறமா இருந்தா என்னடா?" என்று வீட்டில் கேட்கிறபோது எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

மாணவர் ஒருவர், பேச்சுக்கு முன்னால் சாப்பாட்டு வரிசையில், நேராகவே கேட்டார்: "செத்தவங்களை வச்சு விளையாடுறது சரியா அண்ணா?" நல்ல கேள்வி. வேலூரை நான் மேஜையில் வைக்கமாட்டேன். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்த பிறகு, அரண்மனைக்குள் ஒளிந்த நம் சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதற்குப் பகடை உருட்ட எனக்குக் கை வராது. அப்படியானால் வாட்டர்லூவுக்கு மட்டும் எப்படி வருகிறது? அங்கே அந்த ஒரே நாளில் செத்தவர்களும் காயப்பட்டவர்களும் நாற்பதாயிரத்துக்கு மேல். அவர்களுக்கும் ஊர் இருந்தது, அம்மா இருந்தாங்க. தூரம்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். அது நியாயமான பதில் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தம்பிக்கும் அதையேதான் சொன்னேன். "அப்ப சாதம் போட்டுக்குங்க அண்ணா, வரிசை நகருது" என்றார்.

சதுரத்தில் இரண்டு பக்கம் முடிந்திருக்கிறது, நாற்பத்தெட்டுப் பேர். கால்சட்டை எல்லாம் சேறு. மழை பெய்தது சாட்சியத்தில் இருக்கிறது, ஆகவே அதில் நான் தைரியமாக இருக்கிறேன். காலடியில் மிதிபட்ட கம்புப் பயிர், நம்ம கம்பு இல்லை, ஐரோப்பாவின் 'ரை'. அதைத் தேங்காய் நாரைப் பிரித்துச் செய்தேன். மண்டபத்துக்கு வெளியே பதிவு மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கலாம், தடையில்லை. கீழே இருக்கிற தட்டைப் பிடித்துத் தூக்குங்க. துப்பாக்கிச் சனியனைப் பிடித்துத் தூக்கினால் வளைந்துவிடும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற அண்ணன்மார்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், உலோகத்தில் சிலது பழைய ஈய வார்ப்பு, வாயில் வைக்கக்கூடாது. பார்த்த பிறகு கை கழுவிவிட்டு டீக்குப் போங்க.